அந்த அகலக் கட்டிலைத் திருப்பித் தாருங்கள்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

பிசியோதெரபி பிரிவின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டச் சொன்ன சுற்றறிக்கையை நாற்பது நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கம்தான். ஒரு நோயாளிக்கு 15 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் குறைந்தது நான்கு பேரைப் பார்க்க வேண்டும். கையால் செய்யும் சிகிச்சை வேண்டுமென்றால் மருத்துவர் சீட்டில் அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கருவிச் சிகிச்சை. சுற்றறிக்கையில் இல்லாத நான்காவது விஷயம் மறுநாள் காலையில் நடந்தது. ஹாலின் நடுவில் கிடந்த அகலக் கட்டிலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பொருட்கள் அறையில் போட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது இரண்டடி அகலத்தில் மூன்று கட்டில்கள், இடையிடையே திரை, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருவி.

இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை. நடைவழியில் நிறுத்தி ஒருவர் சொன்ன பதில் மட்டும் கிடைத்தது: "எல்லா இடத்திலும் இப்படித்தான் மேடம்." அது உண்மை. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் மற்ற மருத்துவமனைக்காரர்கள் இது தங்களைப் பற்றியது அல்ல என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் பதினொன்று இங்கே. உங்கள் குழுவில் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார், ஜவுளி ஆலை நடத்துபவர் இருக்கிறார், மருத்துவர்கள் இருவர் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் இல்லை. ஆகவே அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதம் வந்தவரைக் கூட்டிவரும் குடும்பத்தார் "கை போய்விட்டது, கால் போய்விட்டது" என்பார்கள். படுக்கையில் புரள முடியாமல் போனதை யாரும் சொல்வதில்லை. ராத்திரி ஒரு பக்கம் திரும்பிப் படுக்க மனைவியை எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்ல அவர்களுக்கே கூச்சம். நாங்கள் அங்கிருந்துதான் தொடங்குவோம். புரளுவதற்கு இடம் வேண்டும். இரண்டடிக் கட்டிலில் நல்ல உடம்புக்காரரே புரள யோசிப்பார். ஒரு பக்கம் உணர்வே இல்லாதவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் விறைத்துக்கொள்வார். விறைத்த உடம்பில் எந்தச் சிகிச்சையும் இறங்காது.

அந்தக் கட்டிலில் நாங்கள் செய்துவந்த வேலையில் பெரும்பகுதிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு: புரோப்ரியோசெப்டிவ் நியூரோமஸ்குலர் ஃபெசிலிடேஷன். எங்களுக்குள் பி.என்.எஃப். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அந்த உணர்வை வழியாக வைத்து நரம்பையும் தசையையும் தட்டி எழுப்பும் முறை. தோலைத் தொடும் கை, மூட்டை மெல்ல இழுப்பது அல்லது அழுத்துவது, நீண்ட நிலையில் இருக்கும் தசையைச் சட்டென்று சுண்டி இழுக்கும் ஒரு சிறு சுண்டல், சரியான நொடியில் ஒரு சொல், நோயாளியின் கண் தன் கையைப் பின்தொடர்வது, அவர் நகரும்போது அவருக்கு எதிராக நாங்கள் கொடுக்கும் அளவான தடை. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதில் எதையும் கருவியின் திருகில் வைக்க முடியாது.

இன்னொன்று, இதன் உயிர்நாடியே அதுதான்: அசைவுகள் நேர்கோட்டில் இருக்காது. மூலைவிட்டமாக, திருகலாக இருக்கும். மனித உடம்பு வேலை செய்யும் விதமே அது. இடது இடுப்பில் பெட்டியை வைத்துக்கொண்டு வலது கையால் விதை வீசுபவரைப் பாருங்கள். கை எதிர்ப்பக்க இடுப்பிலிருந்து கிளம்பி, திரும்பிக்கொண்டே மேலும் வெளியிலும் போய் விரிகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு டி-2, அதாவது இரண்டாம் மூலைவிட்டம், என்று பெயர். இடுப்பிலிருந்து வாளை உருவும் அசைவு என்று மாணவர்களுக்கு விளக்குவார்கள். நான் என் மாணவர்களிடம் ஊர் எல்லையில் அரிவாள் ஓங்கி நிற்கும் கருப்பசாமியைப் பார்த்துவரச் சொல்வேன். அந்த அசைவு போய் முடியும் இடத்தில் நிற்கிறார் அவர். துண்டை எடுத்து எதிர்த்தோளில் போடுவதும், முந்தானையை இழுத்து இடது தோளில் சேர்ப்பதும் டி-1. தசை தசையாகப் பிரித்து, "முழங்கையை மடக்குங்கள், நீட்டுங்கள்" என்று பத்துப் பத்தாக எண்ணவைக்கும் பயிற்சியில் இந்தத் திருகல் இருப்பதில்லை. மூளைக்குப் பழக்கமான வேலை துண்டு போடுவது. முழங்கை மடக்குவது என்று தனியாக ஒரு வேலையை அது வாழ்நாளில் செய்ததில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு டீக்கடை மாஸ்டர் வந்தார். நாற்பத்தேழு வயது. வலது பக்கம். பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதில் இருபது நாள் வேறோர் இடத்தில் "கரண்ட் வைத்திருக்கிறார்கள்". நம் ஊரில் பிசியோதெரபி என்றாலே கரண்ட் வைப்பதுதான், அது உங்களுக்கும் தெரியும். வந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி: "டீ ஆற்ற முடியுமா?" நடக்க முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை. டீ ஆற்றுவதை ஒரு நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கையும் வயிற்றருகே சேர்ந்திருக்கும். ஒன்று மேலும் வெளியிலும் போகும், மற்றது கீழே இறங்கும், உடம்பு நடுவில் லேசாகத் திருகும், கண் அந்த டீ ஒழுக்கை விடாது. பி.என்.எஃப் வகுப்பில் இரு கைகளும் எதிரெதிராகப் போகும் மூலைவிட்ட அசைவுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய கையை நான் முதல் வாரம் தொடவே இல்லை. தோள்பட்டை எலும்பிலிருந்து ஆரம்பித்தேன். நல்ல பக்கத்தை அடியில் வைத்துப் படுக்கவைத்து, அந்த எலும்பை மூக்கை நோக்கி மேலும் முன்னும், பிறகு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியை நோக்கிக் கீழும் பின்னும். முதலில் அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் நகர்த்துகிறேன், அவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். அடுத்து, "என்னோடு கொஞ்சம் வாருங்கள்." அதற்கும் அடுத்து, அவர் வரும்போது என் உள்ளங்கை சிறிது தடுக்கும். கடைசியில் என் கை விலகிவிடும். இதற்கு ரிதமிக் இனிஷியேஷன் என்று பெயர். தாளம் வந்தால்தான் அடுத்த படி. அந்தத் தாளம் எனக்குத் தெரிந்து எந்த நோயாளிக்கும் முதல் பத்து நிமிடத்தில் வந்ததில்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அவருடைய நல்ல கைக்கு நான் பலமாகத் தடை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பலமாக உழைக்கும்போது அந்த உழைப்பு பலவீனமான பக்கத்துக்குப் பரவும், இர்ரேடியேஷன் என்போம். இடது கை என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வலது கைப் பெருவிரல் அசைந்தது. அவர் பார்க்கவில்லை, அவர் மனைவி பார்த்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சிகிச்சை தொடங்கி இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. உங்கள் சுற்றறிக்கை அன்று இருந்திருந்தால் ஏழு நிமிடத்துக்கு முன்பே அவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அவர் இப்போது கடையில் நிற்கிறார். பழைய உயரத்துக்கு ஆற்றுவதில்லை, பாதிக் கைதான் உயர்கிறது. வாடிக்கையாளர்கள் குறை சொல்வதில்லை. முழுக்கக் குணமாகிவிட்டார் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுற்றறிக்கை அதை "உரையாடல் நேரம்" என்று கணக்கிட்டு வீண் என்கிறது. பி.என்.எஃபில் கட்டளைச் சொல் மருந்தின் ஒரு பகுதி. தசையைச் சுண்டும் அதே நொடியில் சொல் விழ வேண்டும். நாங்கள் படித்தது புஷ், புல், ஹோல்ட். அறுபது வயது விவசாயியிடம் அதைச் சொல்லி என்ன பயன்? தமிழில் சொல்லலாமென்றால் "தள்ளுங்கள்" என்பது நீளம். சொல்லி முடிப்பதற்குள் சுண்டல் ஆறிப்போகும். அதனால் பெரியவர்களிடம் முதல் நாளே அனுமதி வாங்கிக்கொள்வேன்: "ஐயா, இந்தக் கட்டிலில் மட்டும் ஒருமையில் பேசுவேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." பிறகு "தள்ளு", "இழு", "விடாதே". பலம் வேண்டுமென்றால் குரலை உயர்த்துவேன், வலியோடு தளர வேண்டியவரிடம் தணித்துச் சொல்வேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "என்னை யாரும் 'விடாதே' என்று அதட்டி ஐம்பது வருஷமாகிறது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அரை நிமிடம் போனது உண்மைதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குச் சுவையாக இருக்கலாம், ஏனென்றால் அதில் ஒரு முதலாளியின் பணம் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவர், சார்லஸ் ஷெரிங்டன் நரம்பு மண்டலத்தைப் பற்றிக் கண்டு சொன்னவற்றைப் போலியோ நோயாளிகளின் படுக்கைக்குக் கொண்டுவர முயன்றார். ஷெரிங்டன் 1932-இல் நோபல் பரிசு பெற்றவர். தசைகள் எப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன, உழைப்பு எப்படிப் பரவுகிறது என்பதெல்லாம் அவர் ஆய்வகத்தில் கண்டவை. கப்பல் கட்டும் தொழிலதிபர் ஹென்றி கைசரின் மகனுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்தது. கபாட்டின் சிகிச்சையை நேரில் கண்டபிறகு கைசர் பணம் போட்டார். 1946-இல் வாஷிங்டனில் கபாட்-கைசர் நிலையம் தொடங்கியது, பின்னர் கலிபோர்னியாவின் வலேஹோவிலும். அங்கே மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்ட்தான் இதைக் கைத்தொழிலாக வார்த்தெடுத்தார். இன்னொரு பிசியோதெரபிஸ்ட் டோரதி வாஸும் சேர்ந்துகொண்டு இருவருமாக 1956-இல் புத்தகமாக்கினார்கள். பல நாடுகளிலிருந்தும் பிசியோதெரபிஸ்ட்கள் வலேஹோவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிப் படித்தார்கள். கப்பலை நாள் கணக்கில் கட்டி முடித்துப் பேர் வாங்கிய ஒரு மனிதர், இந்த வேலையை வேகமாக முடிக்கச் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நான் பி.என்.எஃபுக்குக் கொடி பிடிக்கவில்லை. பக்கவாதத்தில் மற்ற முறைகளைவிட இதுவே உயர்ந்தது என்று காட்டும் வலுவான சான்று இல்லை. நோயாளி செய்ய விரும்பும் வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பயிற்சிக்கும், நல்ல கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கையை உழைக்கவைக்கும் முறைக்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றையும் நாங்கள் செய்கிறோம். பி.என்.எஃபின் பழைய விளக்கங்கள் சிலவும் உடைந்துவிட்டன. தசையை இறுக்கச் சொல்லிப் பிறகு தளர்த்தி நீட்டும் கான்ட்ராக்ட்-ரிலாக்ஸ் முறையில், தசைநாணில் உள்ள உணர்விகள் தசையை அடக்குவதால்தான் நீளுகிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீட்சியைத் தாங்கும் அளவு கூடுவதே பெரிய காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கருவிகள் மேலும் எனக்குப் பகை இல்லை. வலிக்கு டென்ஸ் என்ற மின்கருவி வைக்கிறேன், விறைத்த விரல்களுக்கு முதலில் மெழுகு ஒத்தடம் கொடுக்கிறேன், மணிக்கட்டைத் தூக்க முடியாதவருக்கு மின் தூண்டுதல் உதவுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் சொன்ன எந்த முறையும், எதிர்முகாமின் முறை உட்பட, 15 நிமிடத்தில் நடப்பதில்லை. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் பக்கவாத நோயாளிக்குத் தேவையான ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு நாளைக்குக் குறைந்தது 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்றது. 2023-இல் அதைத் திருத்தி, எல்லாச் சிகிச்சையும் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் என்று உயர்த்தியது. அது பணக்கார நாடு, அந்த அளவு நம்மால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கூட்டுகிற திசையில் நாம் ஏன் குறைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. குழுவில் ஆலை நடத்துபவரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன்: ஓடுகிற தறிக்கும் பாவு அறுந்து நிற்கிற தறிக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவீர்களா?

கைச் சிகிச்சை என்றால் எல்லாம் நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நானே ஒருவரைக் கெடுத்தேன். அது வேறு மருத்துவமனை. தோள்மூட்டு நழுவியிருந்த நோயாளி. படித்ததை அப்படியே காட்டும் வேகத்தில் கையை நீட்டி நிறுத்திச் சுண்டினேன். தடை கொடுக்கச் சொன்னார்கள் என்று என் பலத்தையெல்லாம் கொடுத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்ததைக்கூட கவனிக்கவில்லை. மறுநாள் தோள் வலி, அதன் பிறகு அவர் வரவே இல்லை. தடை என்றால் நோயாளியின் அசைவு உடையாமல் ஓடும் அளவுக்கு மட்டும்தான் என்பதை அதற்குப் பிறகுதான் ஒரு மூத்த பிசியோதெரபிஸ்ட் என் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். விரல்களை மடக்கி இறுக்காமல், உள்ளங்கையை விரல்களோடு சேரும் மூட்டில் மட்டும் வளைத்துப் பிடிக்கும் பிடியையும் அவர்தான் கற்றுத்தந்தார். அந்தப் பிடியில்தான் நோயாளிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தோலே சொல்லும். புத்தகத்தில் அந்தப் பிடியின் படம் இருக்கிறது. படத்தைப் பார்த்து அந்தப் பிடி வந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

நம்மிடம் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து டி-1, டி-2 எல்லாம் செய்திருக்கிறார்கள். ஆரோக்கியமான தோழியின் கை எதற்கும் ஒத்துழைக்கும். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். செயலிழந்த கைக்குள் முதல் முறையாக ஓர் எதிர்ப்பு வரும்போது அது எப்படியிருக்கும் என்று அவர்கள் உள்ளங்கைக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்களை இங்கே அனுப்புகிறார்கள். இந்த நாற்பது நாட்களில் அவர்கள் கற்றது பட்டைகளை நனைத்து ஒட்டுவதும், மணி அடித்தால் கழற்றுவதும். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், பி.என்.எஃப் இப்போதெல்லாம் வழக்கத்தில் இல்லையா?"

சுற்றறிக்கை வந்த பிறகு பார்த்தவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். அறுபது வயது அம்மா, இடது பக்கம். பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மகன் கூட்டிவருகிறார். வந்து போக மூன்று மணி நேரம். நான் கொடுத்தது 15 நிமிடம், அதில் கட்டிலில் ஏற்றி இறக்கவே ஐந்து நிமிடம். புரளவைக்கப் பார்த்தேன், கட்டில் விளிம்பைக் கண்டதும் நல்ல கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. மீதி நேரம் கருவி. மூன்றாம் நாள் மகன் மெதுவான குரலில்தான் கேட்டார்: "அக்கா, இதை எங்கள் ஊரிலேயே ஒருவர் வைக்கிறாரே, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான்காம் நாளிலிருந்து அவர்கள் வரவில்லை. உங்கள் பதிவேட்டில் அவர் "சிகிச்சை பெற்றவர்" என்ற எண்ணிக்கையில் மூன்று முறை இருக்கிறார்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ரசீதில் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி இருக்கிறது, அதற்கொரு தொகை. கையால் முக்கால் மணி நேரம் உழைத்தால் அது "உடற்பயிற்சி" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது, எல்லாவற்றிலும் குறைந்த தொகை அதற்குத்தான். வெளிநோயாளியாக வரும் பிசியோதெரபிக்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அப்படியிருக்க, கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அகலக் கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு சம்பாதிக்காத பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பிழை ரசீதில் இருக்கிறது. ரசீதைத் திருத்தாமல் சிகிச்சையைத் திருத்திவிட்டீர்கள்.

இனி நான் கேட்பவை.

நரம்பு சார்ந்த நோயாளிகளுக்கு, அதாவது பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், மூளை முடக்குவாதக் குழந்தைகள் ஆகியோருக்கு 15 நிமிட விதியை விலக்குங்கள். ஒருவருக்கு 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், முதல் மூன்று மாதமாவது. முழங்கால் வலி, கழுத்து வலிக்காரர்களில் பலருக்கு இருபது நிமிடம் போதும். வேலை அட்டவணையை அப்படி மாற்றியமைத்து நானே தருகிறேன், கூடுதல் ஆள் கேட்கவில்லை.

கைச் சிகிச்சைக்கு மருத்துவரின் தனிச் சீட்டு வேண்டும் என்ற வரியை நீக்குங்கள். மருத்துவர் நோயைச் சொல்லி அனுப்பட்டும், எச்சரிக்கைகளைச் சொல்லட்டும். எந்த அசைவை எந்த முறையில் மீட்பது என்பதைத் தொட்டுப் பரிசோதித்தவர் முடிவு செய்யட்டும்.

ரசீதில் "கைவழி நரம்புத்தசைப் பயிற்சி, அரை மணி" என்று ஒரு வரியைச் சேருங்கள். அதற்கு நியாயமான ஒரு தொகை வையுங்கள். வசதியில்லாதவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சலுகை இதற்கும் பொருந்தட்டும். கருவிகளின் எண்ணிக்கையை வைத்து எங்கள் மாத வேலையை மதிப்பிடுவதை நிறுத்துங்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம், மதிய நேரமாக இருந்தாலும் சரி, எங்களுக்குள் கைப்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். புதிதாகச் சேர்ந்தவரின் கைமேல் மூத்தவரின் கை இருக்க வேண்டும், இல்லையென்றால் நான் செய்த தவறை அவர்களும் யாரோ ஒருவர் தோளில் செய்வார்கள். ஆண்டுக்கு ஒருவரையாவது முறையான பி.என்.எஃப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மூன்று மாதம் அளந்து பாருங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் கைகால் மீட்சிக்கு ஃபூகல்-மேயர் அளவீடு, சமநிலைக்கு 56 மதிப்பெண் கொண்ட பெர்க் அளவீடு, பத்து மீட்டர் நடக்கும் நேரம். பெரிய செலவில்லை, ஒரு தாளும் ஒரு நிறுத்துக் கடிகாரமும் சில எளிய பொருட்களும் போதும். கூடவே இடையில் வராமல் நின்றவர்களின் எண்ணிக்கையையும் எழுதுவோம். எண்களில் வித்தியாசம் இல்லையென்றால், கழற்றிய சுற்றறிக்கையை நானே அதே பலகையில் ஒட்டுகிறேன்.

இவற்றுக்கு வரும் மாதம் 10-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நடைவழிப் பதில் வேண்டாம்.

கட்டிலுக்கு மட்டும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மேலே காலி அட்டைப்பெட்டிகளும் உடைந்த இரண்டு சக்கர நாற்காலிகளும் கிடக்கின்றன, மெத்தையின் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. அந்த அறையின் சாவியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாருங்கள். தூக்க நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிசியோதெரபி பிரிவில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒருத்தி